கண்மாய் இருக்கிறது, வரத்துக்கால் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அந்தக் காலத்துக் கிராமம் மாதிரி வருமா என்று ஏங்கி அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 60 வருடமாகக் குடியிருக்கிறேன், எனக்கு அந்தக் காலம் வேண்டவே வேண்டாம். அம்மா இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து ஊருணிக்கு நடந்த நடையும், மழை நாளில் பிரசவத்துக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதும், டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை தொங்கியதும் மறக்கவில்லை. 1982-இல் சத்துணவு வந்ததும் மாடு மேய்த்த பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அப்புறம் ரோடு, நூறு நாள் வேலை. இப்போது பேத்தி டவுன்பஸ்ஸில் காசில்லாமல் காலேஜுக்குப் போய்வருகிறாள். எல்லாம் நல்லதுதான்.

ஆனால் என் வயிற்றெரிச்சல், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் பற்றியது. கால்வாய் வழியில் கள்ளந்திரி ஊருக்குக் கீழே இருக்கும் நாங்கள் ஒருபோகக்காரர்கள், வருடத்துக்கு ஒரு விளைச்சல்தான். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் கால்வாயில் வந்து, ஒரு கண்மாய் பெருகி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்துதான் அடுத்த கண்மாய்க்குப் போகும், நடுவில் ஓர் இடத்தில் அடைத்தால் கீழே உள்ள ஊரெல்லாம் காய வேண்டியதுதான். மடை திறந்து அடைக்க எங்கள் ஊரில் நீர்பாய்ச்சி இருந்தார், அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவோம். வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கால்வாய் வெட்டப் போகவேண்டும், வராத வீட்டுக்கு அபராதம். போர்வெல்லும் இலவச மின்சாரமும் வந்த பிறகு அவரவர் தோட்டம் அவரவர் தண்ணீர் என்றாகிவிட்டது (நானும்தான் போர் போட்டேன், பொய் சொல்லவில்லை). கால்வாயில் சீமைக்கருவேலம் ஏறியது.

நான்குவழிச் சாலை வந்ததும் வயலெல்லாம் பிளாட். கல் ஊன்றியவர்கள் வரத்துக்காலையும் சேர்த்து மண்ணடித்து உள்ரோடு போட்டுவிட்டார்கள். கேட்டால் அப்படி ஒரு கால்வாயே இல்லை என்கிறார்கள், கிராம வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறதே! கண்மாயைத் தூர்வாரிக் கரையையும் உயர்த்தினார்கள், ஆனால் வரத்துக்கால் பக்கம் பொக்லைன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழை கொட்டினால் தண்ணீர் இப்போது பிளாட்டில் கடன் வாங்கி வீடு கட்டியவர்களின் அடுப்படியில் நிற்கிறது, பாவம், அவர்களுக்கு இது கால்வாய் என்று யார் சொன்னது? கண்மாயிலோ இந்த வருடம் மீன்பிடித் திருவிழாவைத் துண்டு வீசித் தொடங்கி வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

பிளாட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன் சர்வேயரை அனுப்பி வரத்துக்காலை அளந்து கல் நடச் சொல்லுங்கள், ஏற்கெனவே அடைத்த இடத்தில் ரோட்டுக்கு அடியில் குழாயாவது பதிக்கட்டும். அடுத்த தண்ணீர் திறப்புக்குள் அளந்தால் புண்ணியம். கால்வாய் ஓடிய இடம் அடி அடியாக எனக்குத் தெரியும், சங்கிலி பிடிக்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஆயக்கட்டுக்காரர் ஒருவர்,
மேலூர் வட்டம்