பிள்ளையைத் தூக்குகிறவரைக் கதைக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டே கெயார் பற்றிப் பத்திரிகைகளுக்கு வரும் கடிதங்களை விடாமல் வாசிக்கிறவள் நான். கட்டணம் கூடிவிட்டது, இடம் காணாது, கெமரா பூட்ட வேண்டும், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் நியாயம்தான். ஆனால் கொழும்பில் முன்பள்ளிகளிலும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களிலும் 19 வருடம் வேலை செய்தவள் என்ற முறையில், நான் கண்ட ஒன்றை யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன். பிள்ளையை ஒன்பது மணித்தியாலம் தூக்கி வைத்திருக்கும் உதவியாளருக்கு அந்தப் பிள்ளையின் தாயோடு கதைக்க அனுமதி இல்லை. நான் வேலை செய்த நாலு இடங்களில் மூன்றில் இதுதான் சட்டம்.

"பெற்றாருடன் மெடம் மட்டும்தான் கதைப்பார்" என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுவார்கள். மெடமோ நாலு மணிக்குப் போய்விடுவார். தாய் கோட்டையில் வேலை முடித்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேரும்போது ஆறு மணியாகிவிடும். வாசலில் நிற்பது உதவியாளர் மட்டும். அவர் பையைக் கொடுப்பார், பிள்ளையைக் கொடுப்பார், சிரிப்பார். "இண்டைக்கு எப்படி இருந்தவன்?" என்று கேட்டால் "நல்லா இருந்தான்" என்பார். எல்லாப் பிள்ளையும் எல்லா நாளும் நல்லாத்தான் இருக்கிறது!

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இரண்டு வயதுப் பையன் ஒருவன் மத்தியானம் நித்திரை கொள்ளவே மாட்டான். அழுவான், மற்றப் பிள்ளைகளையும் எழுப்புவான், பிறகு சோர்ந்துபோய்ப் பின்னேரம் பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பான். மூன்று கிழமை இதே கதை. கெமராவில் தாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேலை இடத்தில் இருந்துகொண்டே அழுதும் இருக்கிறார். ஒருநாள் அவனைக் கூட்டிப்போக அப்பம்மா வந்தார். உதவியாளப் பிள்ளை பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டாள், "அம்மா, இவர் வீட்டில எப்படித்தான் நித்திரை கொள்ளுறவர்?" அப்பம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கட வீடு தண்டவாளக் கரையில பிள்ளை, கோச்சிச் சத்தம் இல்லாட்டி இவனுக்குக் கண் மூடாது." எங்கள் அறையோ ஏசி போட்டு, யன்னல் எல்லாம் அடைத்து, ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அதைத்தான் விளம்பரத்திலும் போட்டிருந்தோம். அடுத்த நாள் மூலையில் கிடந்த பழைய மின்விசிறியை, அந்தக் கடகடவென்று கத்துகிற சாமானை, அவன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் நாள் சிணுங்கினான், மூன்றாம் நாள் தூங்கிவிட்டான். கடிப்பதும் குறைந்தது.

அந்த உதவியாளப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? விதியை மீறிக் கதைத்ததற்கு ஏச்சு. அவளுக்காகப் பேசப்போன எனக்கும் சேர்த்து. அந்த வருடக் கடைசியில் நான் அங்கிருந்து விலகினேன்.

நிர்வாகத்தின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கதை சந்தைக்குப் போய்ச் சேர அரை நாள் காணும். எந்தப் பிள்ளை யாரைக் கடித்தது, எந்தத் தகப்பன் வெளிநாட்டில், எந்த வீட்டில் சண்டை என்று வாசலில் நின்று அலசுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன், அப்படிப்பட்டவரை வேலையை விட்டு நிறுத்தினாலும் பிழை இல்லை. சரி, அதற்காக எல்லோருடைய வாயையும் கட்டிப்போடுவதா? எந்தப் பிள்ளையின் தாயோ அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் கதைக்க வேண்டும், மற்றப் பிள்ளையின் பெயரே வரக்கூடாது. இதை ஒரு நாளில் பழக்கிவிடலாம்.

கதைக்காமல் விட்டால் வருவது வெறும் மனக்கசப்பு மட்டும் அல்ல. காலையில் பிள்ளைக்கு இலேசான காய்ச்சல், லீவு எடுக்க முடியாத தாய் ஆறு மணிக்குப் பனடோல் சிரப் கொடுத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார், சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு உடம்பு சுடுகிறது, தாயின் போன் வேலை செய்யவில்லை, பையில் சிரப் போத்தல் இருக்கிறது. அந்த மருந்துக்கு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது 4 மணித்தியாலம் வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் 4 வேளைக்கு மேல் போகவும் கூடாது. "கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" என்று காலையில் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் அங்கே ஆபத்து.

உடம்பில் இருக்கும் அடையாளங்களும் அப்படித்தான். நம் பிள்ளைகள் பலருக்கு முதுகின் அடியிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலமும் சாம்பலும் கலந்த திட்டு இருக்கும், பள்ளிக்கூடம் போகும் வயதில் பெரும்பாலும் மறைந்துவிடும். அது தெரியாத புது உதவியாளர் பம்பர்ஸ் மாற்றும்போது அடித்த தழும்பு என்று நினைத்துப் பதறுவார். சேர்க்கும் அன்றே தாயும் உதவியாளரும் சேர்ந்து பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்தால் பிரச்சினை இல்லை. உண்மையிலேயே சந்தேகத்துக்குரிய காயம் என்றால் அது வாசலில் கதைக்கும் விஷயமே அல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, யாரும் அழைக்கலாம், மெடத்தின் அனுமதி தேவையில்லை.

மொழி இன்னொரு தலையிடி. எங்கள் அன்ட்டிமாரில், அதாவது உதவியாளர்களில், பலர் சிங்களம் பேசுகிறவர்கள், சிலர் மலையகத்திலிருந்து வந்த இளம் பிள்ளைகள். நல்ல மனம், நல்ல கை. ஆனால் ஒரு பிள்ளைக்கு "தூ" என்றால் தண்ணீர், இன்னொன்றுக்கு "தூ" என்றால் தூக்கு. இதை எந்த அகராதியில் தேடுவது? அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த பாஷை அது. கடைசியாக நான் இருந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுச் சொற்களையும் தமிழிலும் சிங்கள எழுத்திலும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். செலவு ஒரு தாள்.

84 நாள் பிரசவ லீவு முடிந்து, மூன்று நாலு மாதக் கைக்குழந்தையைக் கொண்டுவந்து தரும் தாய்மாரை நினைத்தால்தான் எனக்கு மனம் கேட்பதில்லை. பாலைப் பிழிந்து போத்தலில் தருவார், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைச் சொல்லக்கூட நேரமில்லாமல் ஆட்டோ ஹோர்ன் அடிக்கும். பின்னேரம் அவர் போனுக்கு வண்ணத் தொப்பி போட்ட படம் ஒன்று வரும். அவருக்கு வேண்டியது தொப்பி அல்ல, கடைசியாக எப்போது குடித்தது, எவ்வளவு குடித்தது என்பது.

கொழும்பில் எல்லா முன்பள்ளியும் "மொண்டிசோரி"தான், அந்தக் கற்பித்தல் முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1944 இல் இலங்கைக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். நான் படித்த டிப்ளோமாவில் அவருடைய உபகரணங்களுக்கு மாதக்கணக்கில் வகுப்பு நடந்தது. களைத்துப்போன ஒரு தாயிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு நாள்கூட இல்லை.

பெற்றாரும் கொஞ்சம் கேட்க வேண்டும். காதில் போனோடு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கெமராவில் பார்த்தேன் என்று சண்டைக்கு வருமுன் ஒருக்கா கேளுங்கள், அழுததைத்தான் கெமரா காட்டும்.

நிர்வாகிகளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி, மாலையில் உதவியாளருக்குச் சம்பளத்தோடு கால் மணித்தியாலம் கூடுதலாக. அப்புறம் அந்தப் பிந்திய கட்டணம். ஆறு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் காசு என்றால் எந்தத் தாய் வாசலில் நின்று கதைப்பார்? ஆறேகால் வரைக்கும் அதை அறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை,
கொழும்பு 6.