சிறுநீரையும் ஒருமுறை பாருங்கள், டாக்டர்

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தங்கைக்கு அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபிரியா, விட்டுவிட்டுக் கடும் வயிற்றுவலி தரும் மரபணு நோய். அந்தப் பெயரை ஒருவர் எங்களிடம் சொல்வதற்குள் நான்கு வருடம் ஓடிவிட்டது. நடுவில் குடல்வாலையும் வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை.

வலி வந்தால் சுருண்டு கிடப்பாள். தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும், ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது, நாடி மட்டும் 120-ஐத் தாண்டும். "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வரும். கடைசியாக, சஷ்டி விரதத்தின் நான்காம் நாள் வந்தது. சோடியம் இறங்கி, வலிப்பு கண்டது. அதற்கு ஃபெனிடாயின் போட்டார்கள். அப்புறம் டம்ளரைத் தூக்கக்கூட அவள் கையில் வலுவில்லை. இந்த நோய்க்கு அந்த மருந்து ஆகாது.

கண்டுபிடித்தவர் ஒரு பயிற்சி மருத்துவர். ஜன்னலோரக் கட்டில், வெயில் படும் இடம். கட்டிலில் மாட்டிய பையில் காலையில் மஞ்சளாக இருந்த சிறுநீர் மதியம் கருஞ்சிவப்பாகியிருந்தது. புதிதாகக் கொஞ்சம் பிடித்து, வெளிச்சம் படாமல் பாட்டிலுக்குக் கறுப்புத் தாள் சுற்றி, ஆய்வகத்துக்கு அவரே எடுத்துப் போனார். எர்லிக் கரைசல் விட்டதும் சிவப்பு ஏறியது. குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கியும் அந்த நிறம் கீழே இறங்காமல் மேல்நீரிலேயே நின்றது. பிபிஜி (போர்ஃபோபிலினோஜென்), இந்த நோயின் வலி வரும்போது சிறுநீரில் ஏறும் பொருள்.

ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் உருவாக எட்டுப் படிகள். மூன்றாம் படிக்கான நொதி இவளுக்குப் பாதிதான். பட்டினியும் சில மருந்துகளும் கல்லீரலில் முதல் படியை முடுக்கிவிட, மூன்றாம் படிக்கு முன்னால் பிபிஜி போன்ற சரக்கு தேங்கிவிடுகிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். காரணம் பிடிபடாத வயிற்றுவலி என்றால், வலி இருக்கும்போதே சிறுநீரில் பிபிஜி பாருங்கள். அறுவை சிகிச்சை என்று முடிவெடுக்கும் முன் பாருங்கள். போர்ஃபிரியா என்று சந்தேகம் வந்துவிட்டால் பட்டினி போடாதீர்கள். பார்பிட்யுரேட், சல்ஃபா வகை மருந்துகள் வேண்டாம். சோடியத்தைக் கவனித்துக்கொண்டே குளுக்கோஸ் ஏற்றலாம். ஆனால் கடுமையான வலிக்கு, ரத்தநாளம் வழியே ஏற்றும் ஹீம் வகையான ஹீமின்தான் மருந்து, வழக்கமாக நான்கு நாள். அது எங்கே கிடைக்கும் என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். எங்களுக்கு வந்து சேர ஆறு நாள் ஆனது.

பழைய பேட்டரி உருக்கும் பட்டறைக்காரர் இதே வலியோடு வந்தால் ஈயத்தையும் நினையுங்கள். அது இதே வரிசையின் இரண்டாம் படியையும் கடைசிப் படியையும் அடைக்கும். அங்கே பிபிஜி பெரும்பாலும் அதிகமாகாது. ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கும் இதே மரபணுக் குறைதான், ஆனால் ஒருநாளும் வலி வந்ததில்லை. தங்கையின் பர்ஸில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. நோயின் பெயரும் ஆகாத மருந்துகளும் எழுதியிருக்கும். நீட்டினால், ஊசி போடும் முன் வாங்கிப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்