குளத்துச் சுவரில் ஒட்டியிருப்பது சோப்பு நுரையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா பக்கம் ஒரு கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) பதினொரு ஆண்டுகளாக இரவுக் காவல் பார்க்கிறேன். இரவு ஏழு மணிக்கு வேலைக்கு வந்தால் காலை ஏழுக்குத்தான் வீடு. மணிக்கு ஒருமுறை டார்ச் விளக்கோடு சுற்றி வரவேண்டும். பழைய ரயில் பாதை பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் எங்களுக்குத் தவளைச் சத்தம்தான் துணை.

போன டிசம்பரில் ஒரு விடியற்காலை, துப்புரவு வேலை பார்க்கும் தம்பி அல்லிக் குளத்துச் சுவரில் தண்ணீர் பீய்ச்சத் தயாராக நின்றார். "அண்ணே, யாரோ சோப்புத் தண்ணிய ஊத்திட்டுப் போயிருக்காங்க" என்றார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கைப்பிடி அளவில் வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை விடும் திரவத்தைப் பின்னங்கால்களால் முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து லேசாகப் பழுப்பேறும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாள்களில் தலைப்பிரட்டைகள் நெளிந்து வெளியே வந்து கீழே தண்ணீரில் விழும். மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அவை இதன் குஞ்சுகள்தான்.

அந்தத் தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஊர். செல்பேசியில் இருந்த தவளைப் படத்தைக் காட்டியதும், "இது தேரைல்ல? எங்க வீட்டுக் குளியலறையில சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே" என்றார். அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் தேரை இதற்கு நெருங்கிய உறவு, அதுவும் நுரையில்தான் முட்டையிடும். தேங்காய்க்குள் பருப்பு சூம்பியிருந்தால் "தேரை மோந்திருச்சு" என்று என் அம்மா சொல்லுவார். பாவம், தென்னைக்கு வரும் கேட்டுக்கெல்லாம் பழியை இது சுமக்கிறது. தேரையைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த அந்தத் தம்பிக்கும் அதன் கூடு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கும் முதல் சில ஆண்டுகள் தெரியாது. அப்போது எத்தனை கூடுகள் கழுவப்பட்டுப் போயினவோ என்று நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

நான் தவளைகளைக் கவனிக்கத் தொடங்கியதே ஒரு புகாரால்தான். குளத்துத் தவளைகள் தூங்கவிடுவதில்லை, மருந்து அடியுங்கள் என்று குடியிருப்பாளர்கள் சிலர் நிர்வாகத்துக்கு எழுதினார்கள். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்கள். பல மழை இரவுகள் காது கொடுத்துக் கேட்டேன். கன்றுக்குட்டி கத்துவதுபோல் 'ஊங்ங்' என்று நீளமாக வந்த அந்தச் சத்தம் குளத்திலிருந்து வரவே இல்லை. வேலிக்கு வெளியே லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், இருந்த குண்டுத் தவளைகள்தான் அப்படிக் கத்தின. பழுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் அகலமான வெளிர் பட்டை. மரத்தவளையின் குரலோ வாத்து ஒருமுறை கத்தி நிறுத்தியதுபோல் 'குவாக்' என்று வரும், பிறகு கொஞ்ச நேரம் அமைதி. மருந்து அடித்திருந்தால் சத்தமும் நின்றிருக்காது, குளமும் பாழாகியிருக்கும்.

கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுப்பது ஒரு சின்ன வழி. டார்ச்சை இடுப்பருகே பிடிக்காமல் கண்ணை ஒட்டி நெற்றிப்பொட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். தவளையின் கண் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஊசிமுனை அளவில் மின்னினால் அது சிலந்தி.

நுரைக்கூடு கட்டும் இந்த மரத்தவளையை ஆங்கிலத்தில் நாலு கோட்டு மரத்தவளை என்கிறார்கள். கோடுகளை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நான் பார்த்தவற்றில் பலவற்றுக்கு முதுகில் கோடே இல்லை, வெறும் பழுப்பு அல்லது புள்ளிகள். ஒரே தவளை ஒரு நேரம் வெளிறியும் இன்னொரு நேரம் கறுத்தும் இருக்கும். விரல் நுனியைப் பாருங்கள், வட்டமாகப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். அதுவும் போதாது. காட்டோடைப் பக்கம் இருக்கும் செம்புக் கன்னத் தவளைக்கும் விரலில் வட்டு உண்டு. ஆனால் அதற்கு முதுகு பச்சை, மேலுதடு வெள்ளை, குடும்பமே வேறு. உடம்பெல்லாம் வெளிர்ப் புள்ளி போட்ட, இலவங்கப்பட்டை நிறத்தில் ஒரு குட்டி மரத்தவளையும் நம் காட்டில் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் மரப்பொந்தில் முட்டையிடுமாம். நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை இரவு ஏழு மணிக்கு மூடிவிடுகிறார்கள், அது நியாயம்தான்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, நம் கையில் பூசிய கொசு மருந்து அதன் உடம்புக்குள் போய்விடும். அனுமதி இல்லாமல் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

டெங்கி பற்றிக் கேட்பீர்கள். வாளியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதனால்தான் மழை வரும்போல் இருந்தால் முதல் சுற்றிலேயே வாளிகளைக் கவிழ்த்துவிடுகிறேன், தவளை அங்கே முட்டையிட இடம் கிடைக்காது. குளத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கிறது, அதன் சுவரில் இருக்கும் கூட்டைச் சில நாள் விட்டுவைத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் இந்தக் கூடுகளை முதலில் பார்ப்பவர்கள் குளம் கழுவுபவர்கள், புல் வெட்டுபவர்கள், லோங்காங் சுத்தம் செய்பவர்கள். அவர்களில் நிறையப் பேர் தமிழ் படிப்பவர்கள். எங்கள் பாதுகாவலர் அறையில் கிடக்கும் உங்கள் நாளிதழை வேலை முடிந்ததும் அவர்கள்தான் புரட்டுகிறார்கள். குளத்தருகே நிர்வாகம் வைத்திருக்கும் பலகையில் ஆங்கிலம் மட்டும்தான். ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன், நம் தவளைகளின் படங்களையும் நுரைக்கூட்டின் படத்தையும் தமிழ்ப் பெயர்களோடு அரைப் பக்கம் போடுங்கள். பெயர் இல்லாதவற்றுக்கு வாசகர்களிடமே கேட்கலாம். தேரை என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த டிசம்பர் கூட்டை நானும் அந்தத் தம்பியும் நான்கு நாள் படம் எடுத்தோம், தலைப்பிரட்டைகள் விழுந்தது வரை. வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பாதுகாவலர்,
அப்பர் புக்கிட் தீமா