ஐப்பசியில் வந்து பார்

தேவகோட்டை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஃப்ளாட் ஒன்று பார்த்திருக்கிறோம், எடுக்கலாமா அம்மா என்று கேட்டாய். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 31 வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் வீடும் மனையும் கைமாறுவதைப் பார்த்தவள் நான். சொந்த மகள் கேட்கும்போது போனில் சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஏன் ஊரில் சொத்து வாங்குகிறார்கள் என்பதை நான் தாய்ப்பத்திரங்களில்தான் படித்தேன். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டினால் ரங்கூன், பினாங்கு, ஈப்போ என்று முகவரி வரும். நகரத்தார் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது, கீழ் பர்மாவின் நெல் வயலில் ஏறக்குறைய கால்வாசி அவர்கள் கைக்கு வந்தது. அவ்வளவும் போயிற்று. 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்தபோது உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சுதந்திரம் கிடைத்தபின் பர்மா அரசாங்கமே நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கு மட்டும் இங்கே தூணாக நிற்கிறது. உன் தாத்தா அந்த வீடுகளைக் கடந்து போகும்போதெல்லாம், "அவங்களுக்கு மிஞ்சினது இதுதான் பாத்துக்க" என்பார். அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிந்தது 1990-இல். நம் தெருக்கோடி வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவராக இருந்தாரே, ஈராக் படை புகுந்தபின் ஒரே ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். ஒரு லட்சத்துக்கும் மேலான நம் ஆட்களை அப்போது விமானத்தில் கொண்டுவந்தார்கள். அந்த மனுஷன் ஒரு லீவில் அஸ்திவாரம், அடுத்த லீவில் சுவர், அதற்கடுத்த லீவில் தளம் என்று கட்டிய வீடு அது. பூச்சுகூட முடியவில்லை. ஆனால் அன்று இரவு குடும்பத்தோடு படுக்க அந்த வீடு இருந்தது. வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த நாட்டுக்காரர் ஆக முடியாது, ஒருநாள் திரும்பித்தான் ஆக வேண்டும். அவர்கள் வாங்குவதில் எனக்குக் கேள்வியே இல்லை.

உன் கதை வேறு. 11 வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறாய். பேத்தி பிறந்ததே அங்கேதான். அங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டிய கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறாய். வருடத்துக்குக் கொடுக்கிற கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான், நம் நாட்டு வரிசை நகரவே நகராது என்று மாப்பிள்ளை எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்று நீ சொன்ன இரவு நான் தூங்கவில்லை. யாரும் வந்து காலி பண்ணு என்று சொல்ல முடியாத ஒரு வாசல் வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறது. அது எனக்குத் தெரிகிறது கண்ணு. அதற்காக வாங்குவதென்றால் நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

ஆனால் லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 50 லட்சம் போட்டு வாங்கிய ஃப்ளாட்டுக்கு மாதம் 12,000, 13,000 வாடகை வந்தால் அதிகம். ரூபாய் விழுந்துகொண்டே போகிறது, டாலரில் கணக்குப் பார்த்தால் இன்னும் மெலியும். விற்கிற அன்றைக்கும் ஒன்று இருக்கிறது. நான் விற்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். வெளிநாட்டில் இருக்கிற நீ விற்றால் 12.5 சதவீதமும் அதற்கு மேலே செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் வாங்க வந்தவர்கள் பின்வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

வாங்குவதென்றால் பணம் உன் என்ஆர்இ கணக்கிலிருந்து, அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கிற இந்திய வங்கிக் கணக்கிலிருந்து, நேராகப் போகட்டும். பாதி ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே சட்டம் விடாது. கட்டடத் திட்டத்தைப் பதிவு செய்த ரெரா எண் இருக்கிறதா, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ கொடுத்த அனுமதி எந்தத் தேதி, உன் பெயருக்கு எழுதித்தரும் யுடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று கேள். கட்டடம் வயதாகிவிடும். அந்த நிலப் பங்குதான் கடைசிவரை உனக்கு நிற்கும்.

அப்புறம் பவர், உனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம். சித்தப்பா மகன் பெயருக்குப் பவர் கொடுத்துவிட்டால் அவனே முடித்துத் தருவான் என்றாய். அவன் நல்ல பிள்ளை. ஆனாலும் வேண்டாம். சார்ஜாவில் இருந்த ஒருவர் நம்பிக் கொடுத்த பொதுப் பவரை வைத்து, அவர் வாங்கிப்போட்ட மனையையே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்துக்கு எண் போட்டது என் கை. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது, எனக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் லீவில் வந்து, சொத்து யார் யார் கைக்கு மாறியது என்று காட்டும் வில்லங்கச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உன் சொத்துக்கு நீயே வந்து கைரேகை வை.

பெரியகுளத்துக் கண்மாய்க்குக் கீழே தாத்தா விற்ற வயலை மீட்டு வாங்கலாமா என்றும் கேட்டாய். உன் காலேஜ் பணத்துக்குத்தானே விற்றார் என்றபோது உன் குரல் கம்மியது. அதை நீ வாங்க முடியாது. என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர், விவசாய நிலத்தை விலைக்கு வாங்கக் கூடாது என்பது சட்டம். வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் மிச்சமிருக்கிற 60 சென்டுக்குப் பட்டா என் பெயரில் இருக்கிறது. அது என் காலத்துக்குப் பிறகு உனக்கு வரும், உயில் எழுதிவிட்டேன். விற்றுப்போனதை நினைத்து வருந்தாதே. நீ படிக்க வேண்டும் என்று சந்தோஷமாக விற்றார், நானும் கூடத்தான் இருந்தேன். எங்களுக்கு நீ திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

இதைத்தான் போனில் சொல்லத் தெரியவில்லை. அம்மா தனியாக இருக்கிறாளே, வீடு வாங்கினால் பக்கத்தில் வந்துவிடுவோம் என்ற எண்ணம் இருந்தால் அதற்காக வாங்காதே. நான் தேவகோட்டையை விட்டு வரமாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் காலத்திலாவது அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவீர்களா என்று மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். இங்கே பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் உனக்குத் தெரியும். ஒன்றுக்கு 20 பங்காளிகள், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிகாகோவில். ஒரு கையெழுத்துக் கிடைக்காமல் ஓடு சரிகிறது. கடைசியில் தூணையும் கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர் எடுத்துப்போகிறார். வாங்குவதென்றால் உங்கள் இருவர் பெயரில் மட்டும் வாங்கு.

நீ பார்த்த பள்ளிக்கரணை இடம் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று டிவியில் பார்த்தோமே. அதனால் ஜூலை லீவில் வராதே. ஐப்பசிக் கடைசியில் வா. நல்ல மழை பிடித்த மறுநாள் நாம் மூன்று பேரும் போய் அந்தத் தெருவில் நடந்து பார்ப்போம். கீழ் வீட்டுக்காரர்களிடம் 2015-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று நான் கேட்கிறேன்.

அதற்குள் சர்வே எண்ணை அனுப்பு. 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டு வரி வரியாகப் படித்துவைக்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதி சொல். பான் கார்டை மறக்காதே. பேத்திக்குப் பழைய செருப்பாக ஒரு ஜோடி எடுத்து வை, தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா