கால்வாய் நில அளவை: மகஜரில் (அளவையின்போது நேரில் எழுதும் பதிவில்) கையெழுத்திடும் முன்

உறவுகளுக்கு வணக்கம். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு நிலம் கொடுப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) மட்டுமே விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013 ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 26வது பிரிவின்படி, அருகிலுள்ள ஒத்த நிலங்களின் கடந்த 3 ஆண்டுக் கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியை எடுத்துச் சராசரியும் பார்க்க வேண்டும். எது கூடுதலோ அதுவே அடிப்படை. அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகக் கூடுதலாகத் தருவது) உண்டு. ஆகவே பதிவு அலுவலகத்தில் அந்தப் பத்திரங்களின் நகல்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

கிணறு, ஆழ்துளைக் கிணறு, நிலத்தடிக் குழாய், தென்னை, பனை எல்லாவற்றையும் அளவையர் முன்னிலையில் எண்ணிப் படம் எடுங்கள். மகஜரில் விட்டுப்போன மரத்துக்கு பிறகு பணம் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

எனக்கு மிகவும் கவலை தருவது துண்டாகும் நிலம்தான். கால்வாய்க்கு அக்கரையில் அரை ஏக்கர் தனித்து நின்றால் அங்கே டிராக்டர் எப்படிப் போகும்? கிணற்று நீர் எப்படிப் பாயும்? இந்தப் பிரிவினை இழப்பையும் 28வது பிரிவு கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நாம் எழுதிக் கொடுத்தால்தான் கோப்பில் ஏறும்.

முதல்நிலை அறிவிக்கை (நிலம் எடுக்கப்போவதாக அரசு முதலில் வெளியிடும் அறிவிப்பு) வெளியானதிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் உள்ளவர்கள் வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே மனு கொடுங்கள். புல வரைபடம் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் படம்) புரியாதவர்கள் குழுவில் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.