வாசலில் எழுதிய அளவுகள் மருத்துவரின் மேசைக்கு வரட்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, மாத்திரை வீடு தேடி வருவதைத்தான் எல்லோரும் பேசினோம். அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்திருக்கிறது. தன்னார்வலர்கள் வாசலில் நின்று பதிந்த ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆள்வாரியாக, ஆண்டுக்கணக்கில் உங்கள் கணினிகளில் சேர்ந்துவிட்டன. இதயநோய்க்கு அவரவர் உடலுக்கேற்ற சிகிச்சை என்று உலகம் பேசுவதற்கு முதல் தேவை இந்தத் தொடர் அளவுகள்தான். அவை இன்னும் மருத்துவரின் மேசைக்கு வந்து சேரவில்லை என்பதே இந்த மடலை எழுதக் காரணம்.

ஒரு புறநோயாளி வரிசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூச்சு வாங்குகிறது என்று வந்த அறுபது வயதை எட்டிய அம்மாவிடம், “பழைய ஈசிஜி இருக்கிறதா?” என்று மருத்துவர் கேட்டார். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வெப்பத்தில் அச்சாகும் தாள் அது. கோடுகள் பாதிக்கு மேல் வெளுத்துப் போயிருந்தன. இன்று தெரியும் மாற்றம் நேற்று வந்ததா, ஐந்து ஆண்டுகளாக இருப்பதா என்பதைப் பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதைப் பொறுத்தே சிகிச்சையும் மாறும். தனிநபருக்கேற்ற மருத்துவம் என்றதும் மரபணுவும் செயற்கை நுண்ணறிவும் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், அது அந்த வெளுத்துப் போன தாளைப் படமெடுத்து, அந்த அம்மாவின் பெயரோடு சேர்த்து வைப்பதில் தொடங்குகிறது.

தகவல் உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போனால் உயிர் பிழைக்கும் என்பதை இதே மாநிலம் நிரூபித்திருக்கிறது. சிறிய மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஆம்புலன்ஸையும் இணைத்த மாரடைப்புச் சிகிச்சை வலையமைப்பைப் பற்றிய ஆய்வு 2017-இல் வெளியானது. 2,420 நோயாளிகளை ஆராய்ந்த அதில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

இப்போது யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கும் வேலைக்கு வருவோம். மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும் முறைகளுக்கு மூத்த அடித்தளம், 1948-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 5,209 பேரிடம் தொடங்கிய ஆய்வு. அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அபாய அட்டவணைகள் தெற்காசியாவுக்குத் தனியாக இருந்தாலும், 40 வயதிலிருந்துதான் தொடங்குகின்றன. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வோ, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதையும், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59-இல் வருவதையும் காட்டியது. 36 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் லாரி ஓட்டுநர் நாற்பதில் தொடங்கும் அட்டவணைக்குள் வரவே மாட்டார்.

இங்கிலாந்தின் க்யூரிஸ்க் முறை 25 வயதிலிருந்தே கணக்கிடுகிறது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியாகப் பார்க்கிறது. வசிக்கும் பகுதியின் வறுமையையும் சேர்த்துக்கொள்கிறது. குடும்ப மருத்துவர்கள் அன்றாடம் பதிந்து வந்த குறிப்புகளிலிருந்தே அதை உருவாக்கினார்கள். நம் தன்னார்வலர்கள் வாசலில் நின்று பதிவதும் அத்தகைய அன்றாடக் குறிப்புதானே?

ஆனால் ஒரு பெரிய பள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். அவசரப்பட்டு, கையில் இருக்கும் காப்பீட்டுக் கோரிக்கைகளை மட்டும் வைத்துக் கணிப்பு முறை செய்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை, நோயின் கடுமைக்குப் பதிலாகச் செலவான பணத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்குச் செலவு குறைவாக ஆகியிருந்ததால், அதே அளவு நோயுற்ற அவர்களை நலமானவர்கள் பக்கம் தள்ளியது. 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை வெளிக்கொண்டு வந்தது. இங்கே அதே தவறு பெண்கள் மீது விழும். மாரடைப்பின்போது பல பெண்களுக்கு நெஞ்சுவலியைவிடக் களைப்பும் மூச்சிரைப்பும் முதுகுவலியுமே முன்னால் நிற்கும். வீட்டில் அதை வாயு என்பார்கள். பெருங்காயத் தண்ணீரோடு முடிந்துவிடும். மருத்துவமனைக்கே வராதவளின் நோய் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்தப் பதிவேட்டைப் படித்துக் கற்கும் கணினி, பெண்களுக்கு இதயநோய் குறைவு என்றே கற்றுக்கொள்ளும். அதனால்தான் வீட்டு அளவுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவேட்டையும் ஒன்றாக இணைக்கச் சொல்கிறேன். வீட்டிலேயே இறந்துபோனவர்களும் கணக்கில் வர வேண்டும்.

மருந்திலும் எல்லோருக்கும் ஒன்றே பொருந்திவிடாது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாட்டின் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்புகிறீர்கள். மிக நல்ல ஏற்பாடு. இவற்றில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல், கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். அந்த நொதியின் வேலையைக் குறைக்கும் மரபணு மாற்றம் தெற்காசியரிடம் பரவலாக உண்டு. இதைப் படித்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து, இந்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும், மறுபடி அடைப்போடு திரும்பியவர்கள் யார் என்று மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு மாற்று மருந்து வேண்டும் என்ற கேள்விக்கு நம் மக்களிடமிருந்தே பதில் கிடைக்கும். அதற்குத் தனி ஆய்வகம்கூட உடனே வேண்டியதில்லை.

இது மக்களின் உடல் பற்றிய தகவல். யாருக்கு எதற்காகப் பயன்படப் போகிறது என்பதைத் தமிழில், வாசலிலேயே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ ஒரு எண்கூடப் போகக் கூடாது. கணிப்பு முறை தரும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் காரணமும் தெரிய வேண்டும்: அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குகிறது, இரண்டு மாத மாத்திரை வாங்கவில்லை, தந்தைக்கு இளம் வயதில் மாரடைப்பு என்று. அப்போதுதான் மருத்துவர் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும். கிராம சுகாதாரச் செவிலியரும் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வார்.

முப்பத்தெட்டு மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நகரம், மலை, வயல் மூன்றும் உள்ள ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓராண்டில் கணிப்பு எத்தனை பேரிடம் சரியாக இருந்தது, எத்தனை பேரிடம் தவறியது, தவறியவர்களில் பெண்கள் எத்தனை, நாற்பதுக்குக் கீழே எத்தனை என்பதைப் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளையும் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைகளையும் அதைச் சரிபார்க்க அழையுங்கள். என் போன்றவர்கள் ஊதியம் கேட்காமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவப் புள்ளியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்