டூப்பு போட்டவரோட மூளையைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டண்ட் டிசைனுக்கு ஆஸ்கர்ல தனியா விருது வரப்போகுதுன்னு உங்க சினிமா பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சேன், 2027ல ரிலீஸ் ஆகற படங்கள்ல இருந்து ஆரம்பிச்சு 2028ல நடக்கப்போற 100வது விழாவுல முதல் விருதுன்னு விவரமெல்லாம் சரியா போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா கட்டுரை முழுக்க ஒரே பல்லவிதான். உயிரைத் துச்சமா மதிச்சவங்க, சாவோட விளையாடினவங்க, பயம்னா என்னன்னே தெரியாதவங்கன்னு. பழைய கௌபாய் படங்களை விழுந்து விழுந்து பாக்கறவன்ங்கிற முறையில சொல்றேன், அந்தக் காலத்து ஸ்டண்ட்காரங்கள்ல பெரிய ஆள் உயிரைத் துச்சமா மதிச்சவர் இல்ல. உயிருக்கு எப்படி சேதம் வராம பாத்துக்கறதுன்னு வாழ்நாள் பூரா யோசிச்சவர். அவர் பேரு யகிமா கனட், அந்தப் பேரே உங்க கட்டுரையில வரல.

1895ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கோல்ஃபாக்ஸ்ங்கிற ஊர்ப்பக்கம் பொறந்தவர், நிஜப் பேரு ஈனோஸ் எட்வர்ட் கனட். சின்ன வயசுலயே முரட்டுக் குதிரை ஏற ஆரம்பிச்சு ரோடியோங்கிற கௌபாய் போட்டிகளுக்குப் போனார். ஓரிகன்ல நடக்கற பெண்டில்டன் ரவுண்டப்தான் அந்த உலகத்துல பெரிய மேடை, அங்க 1914ல பத்திரிகை ஃபோட்டோவுல தப்பா 'யகிமா கனட்'னு போட்டுட்டாங்க, அந்தப் பேரே நிலைச்சிருச்சு. அங்கயே பல தடவை சாம்பியன் ஆனார். அந்தப் புகழ்லதான் 1920கள்ல ஊமைப்படங்கள்ல ஹீரோவா நடிக்கக் கூப்பிட்டாங்க. பேசும்படம் வந்ததும் அந்த வாழ்க்கை முடிஞ்சுது. முன்னாடி வந்த காய்ச்சல்ல தொண்டை கெட்டுப்போய் குரல் கரகரன்னு ஆயிருச்சு, ஹீரோ வசனம் பேச அது ஒத்துவரல. வேற ஒருத்தரா இருந்தா ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாங்க. இவர் வில்லனோட அடியாளா சின்னச் சின்ன வேஷம் வாங்கிக்கிட்டு, கூடவே டூப்பும் போட ஆரம்பிச்சார்.

1933, 34, 35ல ஜான் வெய்ன் இன்னும் பெரிய ஸ்டார் ஆகாத நேரம், லோன் ஸ்டார் பேனர்ல கையடக்க பட்ஜெட்ல வரிசையா கௌபாய் படம் எடுத்தாங்க. அதுல கனட் வில்லன் கூட்டத்துலயும் இருப்பார், வெய்னுக்கு டூப்பும் அவர்தான், அதனால சில படங்கள்ல குதிரையில ஓடறவரும் துரத்தறவரும் ஒரே ஆள்தான். வெய்னோட அந்த நடை, நிதானமா இழுத்துப் பேசற பேச்சு எல்லாமே கனட்டைப் பாத்துப் பழகினதுன்னு வெய்னே சொல்லியிருக்கார்.

அந்தப் படங்கள்லதான் சினிமா சண்டையே மாறுச்சு. அதுக்கு முன்னாடி ஃபைட்டுன்னா தோள்லயும் கையிலயும் நிஜமாவே குத்திக்குவாங்க, திரையில பாத்தா மந்தமா இருக்கும், ஷூட்டிங் முடிஞ்சா உடம்பு பூரா வீங்கியிருக்கும். கனட்டும் வெய்னும் சேர்ந்து இதுக்கு ஒரு புது வழி கண்டுபிடிச்சாங்க. கேமராவை ஒரு குறிப்பிட்ட கோணத்துல வச்சுட்டா குத்து முகத்தைத் தொடவே வேண்டாம், மூக்குக்கு முன்னால காத்துல போனா போதும், வாங்கறவர் சரியான நேரத்துல தலையைத் திருப்பினா பாக்கறவனுக்குப் பல்லு உடைஞ்ச மாதிரியே தெரியும். இன்னிக்கு உலகத்துல எந்த மொழி சினிமா ஃபைட்டைப் பாத்தாலும் அடிப்படை இதுதான். இதுல வீரம் எங்க இருக்கு, கணக்குதான் இருக்கு.

இப்ப அந்த ஃபேமஸான காட்சிக்கு வர்றேன். 1939ல ஜான் ஃபோர்ட் எடுத்த ஸ்டேஜ்கோச். அபாச்சிங்கிற பழங்குடிக்காரங்க பயணிகள் வண்டியைத் துரத்தற சீன், கலிஃபோர்னியாவுல லூசர்ன்ங்கிற வறண்ட ஏரிப் படுகையில எடுத்தது. ஆறு குதிரை பூட்டின வண்டி தலைதெறிக்க ஓடுது. அபாச்சி வேஷத்துல கனட் தன் குதிரையில இருந்து வண்டியோட முன் ஜோடிக் குதிரை மேல தாவறார், குண்டு படுது, ரெண்டு குதிரைக்கும் நடுவுல கீழ விழறார், ஏர்க்காலைப் பிடிச்சுக்கிட்டு முதுகு தரையில உரச இழுபட்டுக்கிட்டே போறார், அப்புறம் கையை விட்டுடறார், அத்தனை குதிரைக் குளம்பும் வண்டியும் அவருக்கு ரெண்டு பக்கமும் மேலயுமா கடந்து போகுது. கட் பண்ணாம அப்படியே தெரியும். வண்டி போனதும் மண்ணுல புரண்டு எழுந்திருக்கப் பாப்பார், பொம்மை இல்ல மனுஷன்தான்னு நமக்குத் தெரியணுமே.

இதை எப்படி செஞ்சேன்னு அவரே பின்னால விளக்கியிருக்கார், அதைக் கேட்டாதான் அந்த ஆளோட புத்தி புரியும். குதிரையை மெதுவா ஓட்டினா பாதுகாப்புன்னுதான் நாம நினைப்போம். அவர் நேர் எதிரா சொல்றார், முழு வேகத்துல ஓடினாத்தான் குதிரை நேர்கோட்டுல ஓடும், வேகம் குறைஞ்சா அது இப்படி அப்படி அலையும், நடுவுல கிடக்கறவன் மேல கால் விழும். அடுத்து, கையை விட்ட அந்த நொடியே ரெண்டு கையையும் நெஞ்சோட சேர்த்துக்கணும், முழங்கை வெளிய நீட்டிக்கிட்டிருந்தா முன் அச்சு அதைப் பேத்து எடுத்துரும். அவ்வளவுதான் ரகசியம். அதே சீன்ல வெய்ன் வண்டியோட்டி உக்கார்ற இடத்துல இருந்து குதிச்சு ஜோடி ஜோடியா குதிரை மேல தாவி முன்னால போறதா வருமே, அதுவும் கனட்தான். சுட்டவருக்கும் டூப்பு, சுடப்பட்டவரும் அவரே. அதே வருஷம் கான் வித் த விண்ட்ல தீப்பிடிச்ச அட்லாண்டா வழியா ஹீரோ கிளார்க் கேபிளுக்காக வண்டி ஓட்டினதும் இவர்தான்.

அடிபடவே இல்லையான்னா பட்டிருக்கு, நல்லாவே பட்டிருக்கு. 1940ல பூம் டவுன் படத்துல குதிரை அவர் மேலயே விழுந்து உள்காயம். 1943ல இன் ஓல்ட் ஓக்லஹோமாவுல கணுக்கால் ரெண்டும் உடைஞ்சுது. இப்படி அடிபடறதைக் குறைக்கத்தான் அவர் ஸ்டண்ட்டுக்கான சாமான்களையே மாத்தி அமைச்சார். குதிரையில இருந்து விழறவனுக்குப் பெரிய ஆபத்து விழறது இல்ல, சேணத்துல கால் வைக்கற அங்கவடியில கால் மாட்டிக்கிட்டு இழுபடறதுதான். அதுக்கு எல் ஷேப்ல ஒரு அங்கவடி செஞ்சார், ஒரு பக்கம் திறந்தே இருக்கும், விழும்போது கால் தானா கழண்டுக்கும். வண்டி கவிழற சீனுக்கு, கவிழற நொடியில குதிரைகளை வண்டியில இருந்து தனியா கழட்டி விடற அமைப்பு வச்சார், குதிரையும் பிழைக்கும் ஆளும் பிழைப்பான்.

குதிரைன்னு சொல்லும்போது இதையும் சொல்லாம விட்டா நான் ஒருபக்கமா எழுதினதாகும். அந்த நாள்ல 'ரன்னிங் டபிள்யூ'ன்னு ஒரு முறை, குதிரையோட முன்னங்கால்ல கம்பி கட்டி மறுமுனையைத் தரையில இறுக்கி வச்சிருவாங்க, ஓடற குதிரை கம்பி தீர்ந்ததும் தலைகுப்புற விழும். கனட்டும் இதை நிறைய செஞ்சவர்தான். கவனமா செஞ்சா குதிரைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவர் தரப்புல சொல்றதை என்னால ஏத்துக்க முடியல, எத்தனையோ குதிரைங்க அதுல செத்திருக்கு. 1939ல ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்துக்காக ஒரு குதிரையைப் பாறை மேல இருந்து தண்ணியில விழ வச்சு அது செத்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அமெரிக்கன் ஹியூமேன்ங்கிற மிருகநல அமைப்பு ஷூட்டிங்கைக் கண்காணிக்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் விழறதுக்குன்னே பழக்கின குதிரைங்க வந்துச்சு.

1940கள்ல இருந்து அவர் கேமராவுக்குப் பின்னால போயிட்டார், செகண்ட் யூனிட் டைரக்டர், அதாவது ஆக்‌ஷன் காட்சி மாதிரியானதைத் தனிக் குழுவோட எடுக்கறவர். 1959ல வந்த பென்ஹர் படத்தோட தேர்ப் பந்தயம் ஆண்ட்ரூ மார்ட்டனும் இவரும் சேர்ந்து ரோம்ல சினெசிட்டா ஸ்டூடியோவுல எடுத்தது. 1925ல வந்த ஊமைப்பட பென்ஹருக்கு ஷூட்டிங் பண்ணும்போது ஸ்டண்ட்காரர் ஒருத்தர் இறந்ததா அதுல நடிச்சவரே சொல்லியிருக்கார், செத்த குதிரைங்க ஏராளம். 1959ல ஆள் செத்தாங்கன்னு இப்பவும் வாட்ஸப்புல சுத்துது, அது பொய், யாரும் சாகல. மாசக்கணக்கா தேரோட்டிகளுக்கும் குதிரைகளுக்கும் கனட் ட்ரெயினிங் குடுத்ததுதான் காரணம். படத்தோட ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனும் அவர்கிட்டதான் கத்துக்கிட்டார், பந்தயத்துல ஜெயிக்க முடியுமான்னு தெரியலன்னு ஹெஸ்டன் தயங்கினப்போ நீ தேரை ஒழுங்கா ஓட்டு, ஜெயிக்க வைக்கிறது என் பொறுப்புன்னு கனட் சொன்னாராம், ஹெஸ்டனே இதைச் சொல்லியிருக்கார். உடைஞ்ச தேர் மேல ஏறித் தாண்டும்போது ஹெஸ்டனுக்கு டூப்பு போட்டவர் முன்பக்கமா தூக்கி வீசப்படுவாரே, அது கனட்டோட மகன் ஜோ. திட்டத்துல இல்லாத விபத்து அது. ஜோ விடாம பிடிச்சுக்கிட்டதால தாடையில தையலோட தப்பிச்சார், ஹெஸ்டன் மறுபடி தேருக்குள்ள ஏறற க்ளோசப்பைத் தனியா எடுத்து அந்த ஷாட்டைப் படத்துலயே வச்சுட்டாங்க.

1967ல நடந்த விழாவுல அவருக்குக் கௌரவ ஆஸ்கர் குடுத்தாங்க. எதுக்குன்னு கவனிங்க, ஸ்டண்ட்காரரா சாதிச்சதுக்கும், எல்லா ஸ்டண்ட்காரங்களையும் காப்பாத்தற பாதுகாப்புக் கருவிகளை உருவாக்கினதுக்கும். அன்னிக்கே அகாடமிக்குப் புரிஞ்சிருக்கு. 1986ல, 90 வயசுல, ஹாலிவுட் பக்கத்துலயே காலமானார். சாவோட விளையாடினவர்னா 90 வயசு வரைக்கும் இருந்திருப்பாரா?

உங்க கட்டுரையில பென் ஜான்சன் பேர் வந்தது ரொம்ப சந்தோஷம், ஆனா 'நடிகர்'னு மட்டும் போட்டு விட்டுட்டீங்க. ஓக்லஹோமாக்காரர், ஹாலிவுட்டுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்து விட வந்தவர், அப்படியே டூப்பு போட்டு, ஜான் ஃபோர்ட் கண்ணுல பட்டு நடிகரானவர். நடுவுல ரோடியோவுக்கே திரும்பிப் போய் 1953ல கயிறு வீசறதுல உலக சாம்பியன் ஆனார், 1972ல த லாஸ்ட் பிக்சர் ஷோவுக்காக சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் வாங்கினார். டூப்பு போட்டு வந்த ஒருத்தர் நடிப்புக்கே ஆஸ்கர் வாங்கியிருக்கார்னா அதைத்தானே பெருசா போடணும்.

வரப்போற விருதுல 'டிசைன்'னு இருக்கு, அதனாலதான் இவ்வளவு எழுதறேன். 2028க்குள்ள இதைப் பத்தி நீங்க இன்னும் நிறைய போடுவீங்க, ஸ்டண்ட் மாஸ்டர்களைப் பேட்டியும் எடுப்பீங்க. பயமா இருந்துச்சா, எத்தனை எலும்பு உடைஞ்சுதுன்னு மட்டும் கேக்காதீங்க சார், அந்த ஷாட்டுக்குக் கேமராவை எங்க வச்சீங்க, என்ன வேகம், கயிறை எங்க கட்டினீங்க, தப்பிச்சு வர எந்தப் பக்கம் வழி வச்சீங்கன்னு கேட்டு அவங்க சொல்ற பதிலை வெட்டாம முழுசா போடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்